வாரத்துக்கு மூணு நாள் போதும்

ஷட்டில் ஆடுபவர்களைக் கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். சர்வீஸ் போடுவதற்கு முன்னால் ஒரு காலைத் தூக்கி, ஷூவின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துக்கொள்வார்கள். டிவியில் பார்த்துத் தொற்றிக்கொண்ட ஸ்டைல் என்றுதான் நானும் பல வருடங்கள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது தரையைப் பற்றிய சின்னப் புகார். தூசி ஒட்டிக்கொண்டால் ரப்பர் அடிப்பாகம் பிடிப்பை இழக்கும். கை அதைத் துடைத்துக் கொடுக்கிறது. தரை சுத்தமாக இருந்தால் யாரும் அப்படிச் செய்வதில்லை. தரை என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நாங்கள் இருப்பது சென்னை ஓ.எம்.ஆரில், 212 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில். கிளப் ஹவுஸில் இரண்டு ஷட்டில் கோர்ட் கொண்ட உள்ளரங்கம், அதை ஒட்டி ஒரு சின்ன ஜிம். அரங்கத்தின் தரை சிந்தெடிக். கான்கிரீட் மேல் பசை, அதன் மேல் நுரை அடுக்கு, அதன் மேல் பச்சை நிற பிவிசி. பாய் மாதிரி சுருள் சுருளாக வந்து, விரித்து, இணைப்புகளைச் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். 18 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட 3,500 சதுர அடி.

இந்த அளவெல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022இல் நான் அசோசியேஷன் கமிட்டியில் இருந்தேன். "நீங்க ஐடிதானே, எக்செல் நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். மெயின்டனன்ஸ் தொகை ஏறியிருந்த நேரம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. எங்கே குறைக்கலாம் என்று ஒரு ஷீட் தயாரிப்பது என் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 47ஆவது வரிசை: உள்ளரங்கத் தரை, தினசரி சுத்தம். அதற்கென்று தனியாக ஒரு திரவம் வேறு, கேன் கேனாக வாங்கிக்கொண்டிருந்தோம். காரிடாருக்கு வாங்கும் வெள்ளை பினாயிலைவிடப் பல மடங்கு விலை.

ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் டைப் செய்தது இன்னும் அந்த ஃபைலில் இருக்கிறது. 'வாரத்துக்கு மூணு நாள் போதும். காரிடார் பினாயிலையே யூஸ் பண்ணலாம்.' கமிட்டியில் இரண்டு நிமிடத்தில் பாஸ் ஆனது. மாதம் 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 20 ரூபாய்கூட வராது. ஆனால் ஷீட்டில் அந்தக் கட்டம் பச்சையானது எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் தரையைத் துடைப்பது ஓர் அக்கா. ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட் ஆள். கேளம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஊரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து விடிவதற்குள் வந்துவிடுவார். புது ஏற்பாடு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினார்.

"சார், இந்த பினாயிலு போட்டா தரை வழவழன்னு ஆவுது சார். கால் நிக்க மாட்டேங்குது."

"புதுசுன்றதால அப்படி இருக்கும்கா. பழகிடும்."

எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு கால் இருந்தது. லிஃப்ட் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

நவம்பரில் நாலு நாள் விடாத மழை. துடைக்கும் நாட்கள் திங்கள், புதன், வெள்ளி. அன்றைக்குச் செவ்வாய். வெளியே ஆட முடியாத பிள்ளைகள் மத்தியானம் முழுக்க அரங்கத்தில் ஓடியிருந்தார்கள். நாங்கள் எட்டு மணிக்கு வந்தோம். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், வயது 61. எல்லோருக்கும் அங்கிள். எதிர்ப்பக்கத்தில் நான். நான் தூக்கிப்போட்ட லாப் அவர் தலைக்கு மேலே போனது. பின்னால் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் கால் இருந்த இடத்தில் நிற்கவில்லை. கையை ஊன்றினார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இடது மணிக்கட்டு. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். அத்தனை பேர் உட்கார வேறு இடம் இல்லாததால் அதே அரங்கத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, மழை ஈரச் செருப்போடு எல்லோரும் உட்கார்ந்து, தரையின் நிலைமையைப் பற்றிப் பேசினோம். "ஹவுஸ்கீப்பிங் சரியில்ல." "அந்தம்மா ஒழுங்கா தொடச்சிருந்தா இது நடந்திருக்குமா?" கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் எழுந்து நின்று, "வார்ன் பண்ணிடறோம் சார்" என்றார். என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. 47ஆவது வரிசைக்குப் போக எனக்கு ஒரு விநாடி போதும். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா வாசலில் மாப்போடு நின்றிருந்தார். கூட்டம் முடிந்ததும் உள்ளே வந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டு, எங்கள் செருப்புத் தடங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதே வாரம் ஆபீஸில் ஒரு கோளாறு. ஒரு செட்டிங் மாற்றத்தால் சிஸ்டம் நாற்பது நிமிடம் படுத்துவிட்டது. எங்கள் தொழிலில் இப்படி ஆனால் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று ஓர் அறிக்கை எழுதுவோம். யார் செய்தார் என்று எழுதக் கூடாது. அப்படிச் செய்ய எது இடம் கொடுத்தது என்று எழுத வேண்டும். பட்டனை அழுத்திய கடைசி ஆள் மேல் பழியைப் போட்டால் நிஜக் காரணம் மறைந்துபோகும், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது இதன் பின்னால் இருக்கும் அறிவு. நாலு பக்கம் எழுதினேன். எச்சரிக்கை வந்திருந்தும் கவனிக்காமல் விட்டது என்று ஒரு தலைப்பு. அதன் கீழே எழுத ஆரம்பித்ததும் அந்த லிஃப்ட் வாசல் ஞாபகம் வந்தது.

ஆபீஸில் மட்டும் எனக்கு இவ்வளவு நியாயம் தெரிந்திருக்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு அரங்கத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அக்காவைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. "தரை ஏன் வழுக்குதுன்னு பாக்கலாம்னு வந்தேன்கா" என்றேன். ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தரையில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். சத்தமே வரவில்லை. "பாத்தீங்களா? நல்ல தரைன்னா கிறீச்சுனும்."

ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒரே இடத்தில் தேய்த்தோம். சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக எழும்பி வந்தது. பினாயிலில் இருக்கும் எண்ணெய் முழுவதும் ஆவியாவதில்லை, தரை மேலே படிந்துவிடும். டைல்ஸ் போட்ட காரிடாரில் மெதுவாக நடப்பவர்களுக்கு அது தெரியாது. ஓடிவந்து நிற்கும் காலுக்குத் தெரியும். அந்தப் படிவத்தில் தூசி ஒட்டும். அதன் மேல் மறுபடி பினாயில், மறுபடி தூசி. அதற்கு மேலே மழைக்கால ஈரக்காற்று ஒரு மெல்லிய பனி மாதிரி இறங்கும். அங்கிளின் மூன்றாவது எட்டு விழுந்தது இதன் மேல்தான். அன்று காலை வெறும் தண்ணீரால் ஒரு சின்னப் பகுதியை மட்டும் கழுவி எடுத்தோம். மூன்றாவது பக்கெட்டில்தான் நுரை நின்றது.

ஆக, அக்கா துடைக்காததால் தரை வழுக்கவில்லை. நான் கொடுத்ததை வைத்து ஒழுங்காகத் துடைத்ததால்தான் வழுக்கியது.

அதற்குப் பிறகு ஒரு வருடம், வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் போனேன். பகலில் படித்தேன், காலையில் பார்த்தேன். உள்ளரங்க விளையாட்டுத் தரைகளுக்கு இஎன் 14904 என்று ஓர் ஐரோப்பியத் தர விதி இருக்கிறது. ஊசல் மாதிரி ஆடும் ஒரு கருவியால் உராய்வை அளப்பார்கள். அளவு 80க்கும் 110க்கும் இடையில் இருக்க வேண்டும். கீழ் எல்லை ஏன் என்பது புரிகிறது. மேல் எல்லை எதற்கு? வழுக்கவே வழுக்காத தரையும் ஆபத்து. உடம்பு திரும்பும்போது பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் பிடிக்க வேண்டும், கொஞ்சம் விடவும் வேண்டும். தரை தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த அளவோடுதான் வருகிறது. அதை அப்படியே வைத்திருப்பது மாப் பிடிக்கும் கையின் வேலை.

முதல் பாடம், உலர்ந்த மாப். மைக்ரோஃபைபர் துணி போட்ட 60 சென்டிமீட்டர் மாப்பை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் தரையிலிருந்து தூக்காமல் தள்ள வேண்டும். தூக்கினால் சேர்த்த தூசி அங்கேயே கொட்டிவிடும். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி தள்ளினால் 36 தடவை. கணக்குப் போட்டேன். 650 மீட்டர். ஈரத் துடைப்பும் சேர்ந்தால் இன்னொரு மடங்கு. 'தினசரி சுத்தம்' என்று நான் ஒற்றை வரியில் பார்த்தது, ஒரு மனுஷி தினமும் குனிந்து நடக்கும் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேலான நடை.

இரண்டாவது பாடம், பிழிவது. தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்தால் இணைப்பு வழியாகக் கீழே இறங்கிப் பசையை இளக்கிவிடும். மாப்பை முறுக்கிப் பிழிந்து, உள்ளங்கை ஈரமாகும் அளவுக்கு மட்டும் துடைக்க வேண்டும். திரவம் அமிலமாகவும் இருக்கக் கூடாது, காரமாகவும் இருக்கக் கூடாது. நான் நிறுத்தச் சொன்ன அந்த விலை அதிகமான கேன் அப்படிப்பட்டதுதான். அதிலும் அளவு முக்கியம். நிறைய ஊற்றினால் நிறைய சுத்தமாகும் என்று நினைப்போம். மிஞ்சுவது பிசுக்குதான்.

மூன்றாவது பாடம், வருஷத்துக்கு ஒரே தரை கிடையாது. மாதத்துக்கு ஒரு தரை.

தை மாதம் பொங்கல் விழா. கோலப் போட்டி அரங்கத்துக்குள்ளேயே நடந்தது. கோலமாவில் இருப்பது கல் பொடி. பிவிசி மேல் அது உப்புத்தாள் மாதிரி. கூட்டினால் கீறும் என்பதால், முதலில் வாக்குவம் போட்டு உறிஞ்சிய பிறகுதான் மாப். பங்குனி சித்திரையில் மேற்கு ஜன்னல். வெயில் ஒரே பட்டையாக விழும் இடத்தில் பிவிசி சூடாகி விரிந்து, இணைப்புக்குப் பக்கத்தில் கொப்புளம் மாதிரி எழும்பும். நிறமும் போகும். மே மாதம் ஒரு பழைய திரையை வீட்டிலிருந்து எடுத்துப்போய் நானே மாட்டினேன். ஆடியில் காற்று. பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடத்தின் மண் மொத்தமும் கதவிடுக்கு வழியாக எங்களிடம் வந்துவிடும். அந்த மாதத்தில் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

ஆயுத பூஜைக்கு ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில்லுக்கும் டம்பெல்லுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் அரங்கத் தரையில் நாலு சொட்டு விழுந்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தேய்க்கப் பார்த்தேன். அக்கா தடுத்தார். "தேய்க்காதீங்க, உள்ள ஏறிடும். தொடச்சிட்டு விடுங்க. வெயிலு படுற எடம்தான, தானா போய்டும்." மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும் என்பதை அப்புறம்தான் படித்தேன். துணி துவைக்கும் கைக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. மூன்று வாரத்தில் கறை மங்கிப் போனது. ஐப்பசி, கார்த்திகையில் வேறு தரை. விடிகாலையில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் ஈரக்காற்று வந்து தரை வியர்க்கும். மூடி வைத்து, ஃபேன் போட்டு, ஆடுவதற்கு முன்னால் ஒரு தடவை குதிகாலால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

என் பங்குக்கு நானும் ஏதாவது செய்தேன். ஷூ போட்ட கறுப்புக் கோடுகளை அழிக்க, ஒரு டென்னிஸ் பந்தில் கத்தியால் கீறல் போட்டுத் துடைப்பக் கட்டையில் செருகிக் கொடுத்தேன். நின்றபடியே தேய்த்தால் கோடு போய்விடும். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. அந்தத் தைரியத்தில் யாரையும் கேட்காமல் வாசலுக்கு உள்பக்கம் நல்ல கெட்டியான ரப்பர் மிதியடி ஒன்றை வாங்கிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் அதன் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு செவ்வகம். ரப்பரில் இருக்கும் ரசாயனம் பிவிசிக்குள் இறங்கிவிடுமாம். எதைப் போட்டும் போகாது. மிதியடியை வாசலுக்கு வெளியே டைல்ஸ் மேல் மாற்றிப் போட்டோம். இன்றைக்கும் உள்ளே நுழைந்ததும் அந்தச் செவ்வகத்தை மிதித்துவிட்டுத்தான் போகிறேன்.

இதற்கு நடுவில் பிப்ரவரியில் ஒரு விஷயம் தெரிந்தது. அங்கிள் விழுந்த மாதம் அக்காவுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். அக்கா சொல்லவில்லை. செக்யூரிட்டி அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். காலையில் அவரோடு மாப் தள்ளிக்கொண்டு, அவரிடமே பாடம் கேட்டுக்கொண்டு இருந்த இரண்டு மாதமும் அவருக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது.

முதலில் அங்கிள் வீட்டுக்குப் போனேன். கட்டு பிரித்திருந்தார்கள். விரல்களை மடக்கி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஷீட், பினாயில், லிஃப்ட் வாசல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மினிட்ஸ்ல உன் பேர் இருந்துச்சேப்பா. முப்பத்தஞ்சு வருஷம் பேங்க்ல இருந்தவன், வவுச்சரைப் பாக்காம விடுவேனா? ஆஸ்பத்திரியில இருந்தப்பவே பாத்துட்டேன். நீ எப்ப வந்து சொல்லுவன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. காபி வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் பொதுக்கூட்டத்தில் 47ஆவது வரிசையைத் திரையில் போட்டுக் காட்டினேன். யார் எழுதியது, எப்போது எழுதியது, துடைக்கிறவர் எச்சரித்தது, எழுதியவர் கேட்காதது. ஆபீஸ் அறிக்கையில் பெயர் வராது. இதில் என் பெயர் வராமல் எழுதினால் அக்காவின் பெயர் அங்கேயே நிற்கும் என்பதால் போட்டேன். பெரிய பரபரப்பெல்லாம் இல்லை. "விடுங்க சார், முடிஞ்சு போச்சு" என்று நாலு பேர் சொன்னார்கள். ஒருவர் பார்க்கிங் பிரச்சினையை எடுத்தார். தினசரி சுத்தமும் பழைய திரவமும் திரும்ப வந்தன. அந்தத் தரையில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துவதில்லை என்றும் முடிவானது. அடுத்த கூட்டத்திலேயே அதை மீறினோம், இந்தத் தடவை நாற்காலிக் காலுக்கு உறை போட்டு.

பிடித்த சம்பளத்தைக் கான்ட்ராக்ட்காரர் திருப்பித் தரவில்லை. கமிட்டி கணக்கிலிருந்து அந்தத் தொகையைக் கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா உடனே வாங்கவில்லை.

"இது அந்தக் காசா சார், வேற காசா?"

"அந்தக் காசுதான்கா. உங்க ரெண்டு நாள் சம்பளம்."

கவரைப் பிரித்து எண்ணினார். சரியாக இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு ரூபாய் கூடுதலாக வைத்திருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கூடுதலாக வைக்கலாமா என்று முந்தின ராத்திரி யோசித்தவன் நான். லிஃப்ட் வாசலைப் பற்றியும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்கா." "ஆமா சார்" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்திருக்கக் கூடாது.

இப்போது நான் கமிட்டியில் இல்லை. அங்கிள் மறுபடி ஆடுகிறார், பின்னால் போகும் லாப்பை மட்டும் விட்டுவிடுகிறார். ஞாயிறு அக்காவுக்கு வார விடுமுறை. அன்றைக்கு மட்டும் ஆட வருபவர்கள் முறைபோட்டு உலர்ந்த மாப் தள்ளுகிறோம். என் முறை வரும்போது 36 தடவையையும் எண்ணுவேன். பன்னிரண்டாவது தடவைக்கு மேல் முதுகு பேச ஆரம்பிக்கும். தள்ளி முடித்துத் துணியை உதறினால் ஷட்டில் இறகின் துணுக்குகள், மண், தலைமுடி, யாரோ ஒருவரின் ஷூலேஸ் நுனி. ஒரே ஒரு நாளைக்கு இவ்வளவு.

போன திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் வழியில் எட்டிப் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அரங்கத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். நடுவில் ஓர் இழுப்பு, கிறீச். வலை ஓரத்தில் ஓர் இழுப்பு, கிறீச். மேற்குச் சுவர்ப் பக்கம் போனார். இழுத்தார். சத்தம் வரவில்லை.

"நேத்து யாரு சார், நீங்களா?"

"ஆமாக்கா."

"மூலைய விட்டுட்டீங்க."

மாப்பை எடுத்து நீட்டினார். பையைக் கழற்றி வாசலில் வைத்தேன்.